காசியில் விட்ட பாகற்காய்

பிப்ரவரி 8, ஞாயிறு

நாலு மாதம் கழித்து இன்று கோல்ஃப் மட்டையைத் தொட்டேன். தொட்டிருக்க வேண்டாம்.

அக்டோபர் கடைசியில் மழை பிடித்துக்கொண்டது, மைதானத்தை மூடிவிட்டார்கள். டிசம்பரில் உறைபனி. அதோடு எனக்கு இருமல். ஜனவரியில் காசிக்குப் போயே தீர வேண்டும் என்று என் மனைவி பகவதி ஒற்றைக்காலில் நின்றாள், போய் வந்தோம். மற்ற நாளெல்லாம் ஹீட்டருக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, காபியில் வர்க்கியைத் தோய்த்துத் தின்றேன். இந்த நீலகிரிக் குளிருக்கு, அடுக்கடுக்காக மொறுமொறுவென்று பேக்கரியில் சுட்டு விற்கிற வர்க்கியைத் தின்னாமல் ஒரு மனுஷன் வேறு என்ன செய்ய முடியும்?

எங்கள் கிளப்பில் மொத்தம் ஒன்பது குழிகள். ஐந்தாவது குழிக்குப் போக ஒரு பள்ளத்தைத் தாண்டி அடிக்க வேண்டும். கீழே ஓடை, இரண்டு பக்கமும் தேயிலைச் செடி. முதல் அடி அடிக்கிற இடத்தைக் காட்ட நட்டிருக்கிற வெள்ளைக் கட்டைக்குப் பக்கத்தில் நின்று அடித்தால் பந்து காற்றிலேயே நூற்று அறுபத்தைந்து யார்டு பறந்தால்தான் அக்கரை. எழுபது யார்டு முன்னால் சிவப்புக் கட்டை இருக்கிறது. அது பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் முடியாதவர்களுக்கும். எனக்கு அறுபத்தெட்டு வயது. பதினெட்டு வருஷமாக வெள்ளைக் கட்டையிலிருந்துதான் அடிக்கிறேன், நூற்றுத் தொண்ணூறு யார்டுக்குக் குறைந்ததில்லை.

இன்று நூற்று ஐம்பது. பந்து ஓடையில் விழுந்த சத்தம் மேலே வரைக்கும் கேட்டது.

என் மட்டைப் பையைத் தூக்குகிற காளன், "காத்து எதிர்க்க சார்" என்றான். பதினெட்டு வருஷமாக என்னோடு வருகிறவன், விசுவாசி. ஒரு தேயிலை இலைகூட அசையவில்லை.

கூட விளையாடுகிறவர்கள் மூன்று பேர். போஜன் தேயிலைத் தோட்டக்காரர், எதற்கும் சிரிக்கிறவர், அவரே சிரிக்கவில்லை. டாக்டர் சேவியர் கண்ணாடியைத் துடைத்தார். கிளப் செயலாளர் இரத்தினசாமி மட்டும், "உடம்புக்கு ஒண்ணுமில்லீங்களே தாணு சார்?" என்று கோயம்புத்தூர் மரியாதையோடு கேட்டார். அந்த மரியாதைக்குப் பதிலாக அவர் என்னை அடித்திருக்கலாம்.

இந்த டைரி மருந்துக்கடைக்காரர் கொடுத்தது. நான் மின்வாரியத்தில் செயற்பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன், அளந்து எழுதினால்தான் எனக்கு மனசு ஆறும். இன்று முதல் தூரத்தை இதில் எழுதி வரப் போகிறேன்.

பிப்ரவரி 9, திங்கள்

புதுப் பந்து ஒரு டஜன் வாங்கினேன். பழைய பந்தெல்லாம் குளிரில் விறைத்துப் போயிருக்கும்.

பிப்ரவரி 11, புதன்

புதுப் பந்து: நூற்று நாற்பத்தொன்பது. பந்தின் மேல் குற்றமில்லை.

மேல் தட்டிலிருந்த வர்க்கி டப்பாவைப் பகவதிதான் எடுத்துக் கொடுத்தாள். இப்போதெல்லாம் அலமாரியை ரொம்ப உயரமாகச் செய்கிறார்கள். (இது இந்த வீடு கட்டியபோது நான் அளவு கொடுத்துச் செய்த அலமாரி. ஆனாலும் உயரம்தான்.)

பிப்ரவரி 13, வெள்ளி

கையுறையின் மேல் சந்தேகப்பட்டு அதையும் மாற்றினேன். பலனில்லை. மட்டையின் பிடியைக் கழுவிக் காயவைத்தேன். பலனில்லை.

காலையில் கூடத்தில் நிலைக்கண்ணாடிக்கு முன் நின்று குடையை மட்டையாகப் பிடித்து வீசிப் பார்த்தேன். தினக் காலண்டர் ஆணியோடு வந்துவிட்டது. பகவதி எனக்குக் காபி வைத்துவிட்டு, தான் சுக்குத் தண்ணீர் குடித்தபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாய்வுத் தொல்லையாக இருக்கும். என்னவென்று கேட்க நினைத்தேன், அதற்குள் குடை பக்கம் கவனம் போய்விட்டது.

பிப்ரவரி 15, ஞாயிறு

நூற்று நாற்பத்தெட்டு. மறுபடியும் ஓடை. பனி இன்னும் காயவில்லை என்றான் காளன். மணி பதினொன்று, வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

ஆட்டம் முடிந்து உட்கார்ந்திருக்கையில், கடைசியாக எப்போது கையைத் தலைக்கு மேல் தூக்கினீர்கள் என்று சேவியர் கேட்டார். டாக்டர்களுக்கு இப்படிச் சம்பந்தமில்லாமல் கேட்கிற வழக்கம் உண்டு. காசியில் கும்பிட்டபோது தூக்கினேன் என்று சொல்லி வைத்தேன். உடனே போஜன், காசிக்குப் போனால் பிடித்த காயும் பழமும் ஒவ்வொன்று விட்டுவிட்டு வருவார்களே, நீங்கள் எதை விட்டீர்கள் என்று பிடித்துக்கொண்டார்.

உண்மையைச் சொன்னேன். காசியிலிருந்து கயாவுக்குப் போனோம். அங்கே ஆலமரத்தடியில் தமிழ் பேசுகிற சாஸ்திரிகள், ஒரு காய் ஒரு பழம் சொல்லுங்கோ, ஆயுசுக்கும் தொடக்கூடாது என்றார். நான் பாகற்காய் என்றேன். பழத்துக்குப் பப்பாளி. இரண்டையும் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து நான் தொட்டதில்லை. சாஸ்திரிகள் என்னை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார், மந்திரத்தைச் சொல்லி முடித்துவிட்டார். பகவதியின் முறை வந்தபோது அவள் குனிந்து மெதுவாக என்னவோ சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. கத்திரிக்காயாக இருக்கும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுப் போஜன் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"காசியிலயே போய்க் கள்ளாட்டம் ஆடிட்டு வந்திருக்கீங்க. உங்க பந்து எப்படிப் போகும்?"

நானும் சிரித்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

போஜன் சொன்னது மூடநம்பிக்கை. நான் பொறியாளன்.

பிப்ரவரி 17, செவ்வாய்

ஒரு பொறியாளன் எல்லாச் சாத்தியத்தையும் ஆராய வேண்டும். காசிக்கு முன்: நூற்றுத் தொண்ணூறு. காசிக்குப் பின்: நூற்று ஐம்பது. மட்டை அதே மட்டை, ஆள் அதே ஆள். நடுவில் நடந்தது என்ன? பாகற்காய்.

இதைப் பகவதியிடம் சொல்லவில்லை. கொஞ்சம் மாறுதலாக இருக்கட்டுமே என்று நாலு வர்க்கியை வெண்ணெய் தடவித் தின்றேன்.

பிப்ரவரி 18, புதன்

பகவதி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து அந்தச் சாஸ்திரிகளுக்குப் போன் போட்டேன். சொந்த ஊர் நாகர்கோவில், இருப்பது நீலகிரி, போன மாதம் சம்சாரத்தோடு வந்திருந்தேன் என்று ஆரம்பித்தேன். மேலே சொல்ல விடவில்லை.

"பாகற்காய் மாமாதானே?"

ஒரு நாளைக்கு ஐம்பது குடும்பத்தைப் பார்க்கிற மனுஷர் என்னை ஞாபகம் வைத்திருக்கிறார். எனக்குக் காது சுட்டது. பாகற்காயை வாபஸ் வாங்கிக்கொண்டு வேறு ஏதாவது எழுதிக்கொள்ள வழி உண்டா என்று கேட்டேன். இது ஆபீஸ் பைல் இல்லை என்றார். விட்டது விட்டதுதான். வேண்டுமானால் கூடுதலாக ஒன்றை விடலாம், அதற்கு ரயிலேறி வர வேண்டாம், இருந்த இடத்திலிருந்தே மனசார விட்டால் போதும் என்றார். "மனசார" என்கிற வார்த்தையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்ன மாதிரி இருந்தது.

பிப்ரவரி 19, வியாழன்

இன்று முதல் வர்க்கியை விட்டேன். மனசார.

பிப்ரவரி 20, வெள்ளி

வெறும் காபி. வெறுத்துவிட்டது.

பிப்ரவரி 22, ஞாயிறு

நூற்று ஐம்பத்து மூன்று!

ஓடையில்தான் விழுந்தது. இருந்தாலும் முதல் நாள் அடித்த நூற்று ஐம்பதை வைத்துப் பார்த்தால், மூன்று நாள் வர்க்கிக்கு மூன்று யார்டு. தெய்வம் கணக்காகத்தான் இருக்கிறது. இந்த விகிதத்தில் நூற்றுத் தொண்ணூறைத் தொட இன்னும் எதையெல்லாம் விட வேண்டும் என்று ராத்திரி ஒரு பட்டியல் போட்டேன். வாழைக்காய் வறுவல், மாலை மிக்சர், பகல் தூக்கம். பட்டியலைப் படித்துப் பார்த்ததில், தூரம் வந்து சேருகிறபோது நான் உயிரோடு இருந்து என்ன பிரயோஜனம் என்று தோன்றியது.

பிப்ரவரி 25, புதன்

போஜன் வீட்டில் தட்டோடு வைத்து உபசாரம் பண்ணினார்கள். இரண்டு வர்க்கி. அடுத்தவர் வீட்டு வர்க்கி கணக்கில் வராது.

மார்ச் 1, ஞாயிறு

நூற்று ஐம்பத்திரண்டு. அது போகட்டும்.

கிளப் அறிவிப்புப் பலகையில் இரத்தினசாமியின் கையெழுத்தோடு ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. ஐந்தாவது குழியில் பந்து தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறதாம், பின்னால் வருகிறவர்கள் முக்கால் மணி நேரம் நிற்கிறார்களாம். ஆகவே, வருகிற எட்டாம் தேதி முதல், அடுத்தடுத்து மூன்று ஞாயிற்றுக்கிழமை யார் பந்து பள்ளத்தில் விழுகிறதோ அவர் அதற்கப்புறம் சிவப்புக் கட்டையிலிருந்துதான் விளையாட வேண்டும்.

பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. பலகை முன்னால் நான் நின்றபோது, பேசிக்கொண்டிருந்த இரண்டு பேர் பேச்சை நிறுத்தினார்கள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. எனக்கு அவமானமாக இருந்தது. வேலையில் இருந்தபோது ஒரு தடவை பதவி உயர்வு கைவிட்டுப் போனது. அப்போதுகூட இப்படி இல்லை. ஒரு கட்டைதானே, வெள்ளையானால் என்ன, சிவப்பானால் என்ன என்று பத்துத் தடவை எனக்கே சொல்லிக்கொண்டேன். பத்துத் தடவையும் நான் கேட்கவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

சேவியர் வீட்டுக்கே வந்துவிட்டார். போஜன் சொல்லி அனுப்பியிருக்கிறார், துரோகி. வலது கையைத் தூக்கச் சொன்னார், தூக்கினேன். அது தோள் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. இன்னும் மேலே என்றார். இவ்வளவுதான் மேலே என்றேன்.

"தாணு, இது காசி இல்ல, தோள்பட்டை. நாலு மாசம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கல, பூட்டிக்கிச்சு."

சுவரைப் பார்த்து நின்று, விரல்களை எறும்பு மாதிரி மெதுவாக மேலே ஊர வைக்க வேண்டும். ஒரு நாளைக்கு நாலு வேளை. அவர் போன பிறகு செய்து பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டு அளந்தேன். ஐந்தடி ஓரங்குலம். புதுச் சுண்ணாம்பு அடித்த சுவர். பகவதி கோட்டைப் பார்த்தாள், என் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள்.

காசிக் காரணத்தை நான் முழுசாக விட்டுவிடவில்லை. தோள் ஏன் பூட்டிக்கொண்டது என்று சேவியர் சொன்னாரே தவிர, என் தோள் மட்டும் ஏன் என்று அவர் சொல்லவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

விதியின்படி முதல் ஞாயிறு. நூற்று ஐம்பத்தைந்து. ஓடை.

மார்ச் 10, செவ்வாய்

சுவர்: ஐந்தடி ஏழங்குலம்.

மார்ச் 12, வியாழன்

இன்று நடந்ததை எழுதத்தான் வேண்டும்.

சாயந்திரம் போஜன் வந்தார். விருந்தாளி வந்த நாளில் வர்க்கிக்கு விலக்கு உண்டு, ஆகவே எனக்கும் சேர்த்துத்தான் தட்டு வந்தது. பகவதி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். போஜன் இரண்டு டம்ளரையும் அவளையும் பார்த்தார்.

"அக்கா, உங்களுக்குக் காபி?"

"நான் கயாவுலயே விட்டுட்டேன் தம்பி. ரெண்டு மாசமாச்சு."

சாதாரணமாகச் சொன்னாள். உப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரி. காய், பழம்தானே விடுவார்கள் என்று போஜன் கேட்டதற்கு, பிடிச்சதைத்தானே விடச் சொன்னாங்க, எனக்குக் காயில எதுவும் அவ்வளவு பிடிக்காது என்றாள். போஜன் என்னைப் பார்த்தார். என் கையிலிருந்த வர்க்கி டம்ளருக்குள் உடைந்து விழுந்தது.

பகவதிக்குக் காபி எப்படி என்று எனக்குத் தெரியும். நாற்பத்தொரு வருஷமாகத் தெரியும். காலை ஐந்து மணிக்கு அவள் முதல் டம்ளரைச் சமையலறையில் நின்றபடி, யாரோடும் பேசாமல், கண்ணை மூடிக்கொண்டு குடிப்பாள். அந்த நேரத்தில் வீடு தீப்பற்றினாலும் குடித்து முடித்துவிட்டுத்தான் வருவாள் என்று நானே நாலு பேரிடம் கிண்டல் பண்ணியிருக்கிறேன். அப்படிப்பட்டவள் ஜனவரியிலிருந்து சுக்குத் தண்ணீர் குடிக்கிறாள். நான் எதிரே உட்கார்ந்து, அவள் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, பந்து எத்தனை யார்டு போயிற்று என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். வந்து உட்கார்ந்த ஒரு நிமிஷத்தில் போஜனுக்குத் தெரிந்துவிட்டது.

அவர் போன பிறகு, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். நீங்க கேக்கலியே என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 13, வெள்ளி

ராத்திரி முழுக்கப் புரண்டுவிட்டு, விடியற்காலையில் ஒரு முடிவுக்கு வந்தேன். எனக்கு ரொம்பப் பிடித்தது எது? வெள்ளைக் கட்டை. அதையே விட்டுவிடுகிறேன். சாஸ்திரிகள் சொன்னபடி மனசார. கிளப்பில் யாரும் வாயைத் திறக்க முடியாது, காசி சமாச்சாரம். மூன்றாவது ஞாயிறு வருவதற்கு முன்னாலேயே, நானாகவே, தலை நிமிர்ந்து சிவப்புக் கட்டைக்குப் போய்விடலாம். இப்படி ஒரு வழி இருப்பது முதலிலேயே தோன்றாமல் போயிற்றே என்று என்னை நானே தட்டிக்கொடுத்தேன்.

பகவதியிடம் இதைக் கொஞ்சம் கம்பீரமாகவே சொன்னேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை.

"அடிக்க முடியாததை விடுறதா? அதுவும் பாகற்காய்தான்."

நான் முப்பத்து நாலு வருஷம் மேலதிகாரிகளுக்குப் பதில் எழுதியவன். என் பைலை அவள் ஒரே வரியில் மூடிவிட்டாள்.

ஆக, இப்போது நிலவரம் இது. வெள்ளைக் கட்டையை நான் விட வேண்டுமானால், முதலில் அதிலிருந்து அடித்துப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். தாண்டாமல் போனால் அவர்களாகவே என்னை வெளியே தள்ளுவார்கள், விடுவதற்கு என்னிடம் எதுவும் இருக்காது.

மிச்சமிருந்த வர்க்கியைக் காளனிடம் கொடுத்தனுப்பிவிட்டேன். இனி விலக்கு கிடையாது, விருந்தாளி வந்தாலும் சரி.

மார்ச் 15, ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு. நூற்று அறுபது. பந்து அக்கரை மண்ணில் பட்டு, யோசித்துவிட்டு, ஓடைக்கு உருண்டது. ஐந்து யார்டு குறைச்சல்.

காளன் இன்று காற்றையும் சொல்லவில்லை, பனியையும் சொல்லவில்லை. "தோள் நல்லாத் திரும்புது சார்" என்றான். இவ்வளவு நாளும் அவனுக்கும் தெரிந்தே இருந்திருக்கிறது.

மார்ச் 17, செவ்வாய்

சுவர்: ஆறடி மூன்றங்குலம். சுவர் முழுக்கப் பென்சில் கோடு. பள்ளிக்கூடத்துப் பிள்ளை வளர்கிறதை அளந்த மாதிரி இருக்கிறது.

மார்ச் 19, வியாழன்

இடுப்பு வேட்டி ஒரு சுற்று கூட வருகிறது. தோள் வலி. இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 21, சனி

பகவதி தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டாள். நாளைக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். எனக்கென்ன தெரியும், நான் என்ன கோல்ஃப் ஆடுறவளா என்றாள். ஆனால் வழக்கத்தைவிட ரொம்ப நேரம் தேய்த்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

நூற்று அறுபத்தேழு.

மறுபடி எழுதுகிறேன், எனக்காக. நூற்று அறுபத்தேழு.

முதல் நாலு குழியையும் கண்டபடி ஆடினேன். ஐந்தாவதில் முதலில் இரத்தினசாமி அடித்தார். அவர் பந்து நேராக ஓடைக்குள் போனது. அவர் மட்டையைத் துடைத்துக்கொண்டு ஒதுங்கி நின்றார். அடுத்து நான். பெரிய மட்டையை எடுத்தேன். கை மேலே போயிற்று, தோள் உயரத்தைத் தாண்டி, காதைத் தாண்டி, இத்தனை மாதமாகப் போகாத இடத்துக்குப் போயிற்று. மட்டை இறங்கியபோது கையில் எதுவுமே தெரியவில்லை. சரியாகப் பட்டால் அப்படித்தான் இருக்கும். பந்து பள்ளத்துக்கு மேலே போய்க்கொண்டே இருந்தது. அக்கரை விளிம்பில் விழுந்து, ஒரு குதி குதித்து, புல்லில் நின்றது.

காளன் பையைப் போட்டுவிட்டு ஓடினான். அறுபது வயதை நெருங்குகிறவன், பள்ளத்தில் இறங்கி ஏறி, பந்துக்குப் பக்கத்தில் நின்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான். போஜன் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். சேவியர் கண்ணாடியைத் துடைத்தார்.

வீட்டுக்கு வந்து பகவதியிடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் முழுசாகக் கேட்டாள்.

மார்ச் 23, திங்கள்

நன்றாக யோசித்துப் பார்த்தேன். வெள்ளைக் கட்டையை விடுவது என்பது ஒரு யோசனைதான். சத்தியமெல்லாம் பண்ணவில்லை. பகவதியிடம் சொன்னது பேச்சுவாக்கில் சொன்னது. சாஸ்திரிகளிடம் பதிவும் செய்யவில்லை. இட்லிப் பொடியை விட்டால் என்ன? இட்லிப் பொடி எனக்கு நிஜமாகவே பிடிக்கும்.

மார்ச் 24, செவ்வாய்

பயிற்சியில் நூற்று எழுபத்தொன்று. இந்த வேகத்தில் மே மாதம் நூற்றுத் தொண்ணூறு நிச்சயம்.

வெள்ளைக் கட்டையை எப்போது விடப் போகிறீர்கள் என்று பகவதி கேட்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

இன்றும் கேட்கவில்லை. எதிரே உட்கார்ந்து சுக்குத் தண்ணீர் குடிக்கிறாள். நாலு வார்த்தை குத்திக் காட்டிப் பேசினால் நானும் நாலு வார்த்தை பேசி, சண்டை போட்டு, விட முடியாது என்று கத்திவிட்டுப் போய்விடலாம். அதற்கும் வழியில்லாமல் பண்ணுகிறாள்.

போஜன் போனில் வேறொன்று சொன்னார். இரத்தினசாமியின் பந்து எட்டாம் தேதியும் ஓடையில், பதினைந்தாம் தேதியும் ஓடையில், போன ஞாயிறும் ஓடையில். அவருடைய விதி அவரையே பிடித்துவிட்டது. போன ஞாயிறு விழுந்ததைக் கண்ணால் பார்த்தும், அது மூன்றாவது தடவை என்று நான் கவனிக்கவே இல்லை. மூன்று வாரமும் நான் கணக்கு வைத்தது என் பந்துக்கு மட்டும்தான். அந்த மனுஷர் இப்போது வீட்டை விட்டு வெளியே வருவதில்லையாம்.

மார்ச் 29, ஞாயிறு

இரத்தினசாமி வந்துவிட்டார். அதற்கே ஒரு தைரியம் வேண்டும். ஐந்தாவது குழி வந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல், மட்டையைத் தூக்கிக்கொண்டு, தனியாகச் சிவப்புக் கட்டைக்கு நடந்தார். கழுத்து சிவந்திருந்தது. போஜனும் சேவியரும் வெள்ளைக் கட்டையிலிருந்து அடித்தார்கள். என் முறை வந்தது.

பந்தை வைக்காமல் ஒரு தடவை மட்டையை வீசினேன். முழு வீச்சு. கை காதைத் தாண்டிப் போய் வந்தது. அந்த இடத்தில் நின்று ஒரு நிமிஷம் பள்ளத்தைப் பார்த்தேன். பிறகு காளனிடம், பையை எடு, முன்னால் போகலாம் என்றேன். அவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான்.

நான் வருவதைப் பார்த்ததும் இரத்தினசாமிக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏனுங்க, எனக்காகப் பாவம் பாக்கறீங்களா? அதெல்லாம் வேண்டாமுங்க" என்றார். உங்களுக்காக இல்லை, காசிக்காக என்றேன். பாகற்காயிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள், காத்திருக்கட்டும் என்று சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. கேட்டு முடித்துவிட்டு, முதலில் நீங்க அடிங்க என்று வழி விட்டார். என் பந்து பள்ளத்தைத் தாண்டி எங்கேயோ போய் விழுந்தது. இவ்வளவு சுலபமாகத் தாண்டினதில் எனக்குச் சந்தோஷமே இல்லை.

ஆட்டம் முடிந்ததும் இரத்தினசாமி என்னைத் தனியே கூப்பிட்டு அந்தச் சாஸ்திரிகளின் நம்பரை வாங்கிக்கொண்டார். அதைப் பார்த்துவிட்டுப் போஜனும் வாங்கிக்கொண்டார். அவருக்கும் முழங்கால் சொன்னபடி கேட்பதில்லையாம், இதுவரை வாயைத் திறக்கவில்லை, ஆசாமி. சேவியர் மட்டும் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வேளாங்கண்ணியில் இந்த மாதிரி விடுகிற ஏற்பாடு ஏதாவது உண்டா, பங்குத்தந்தையைக் கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். பகவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"விட்டுட்டேன்" என்றேன்.

"கஷ்டமா இருந்துதா?"

"ரொம்ப."

"அப்ப சரி" என்றாள்.

கொஞ்ச நேரம் நானும் கூட உட்கார்ந்து துண்டுகளை மடித்தேன். சரியாக மடிக்கவில்லை, அவள் வாங்கித் திரும்ப மடித்தாள். நாளையிலிருந்து என் காபியை நானே போட்டுக்கொள்கிறேன், தினமும் அதைப் போட்டுக்கொண்டு நீ அங்கே நிற்க வேண்டாம் என்று சொன்னேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன்.

"வேண்டாம்" என்றாள். "எனக்கு வாசனையாவது இருக்கட்டும்."